இருமல் மிட்டாயின் உறையில் என் பெயர்

கண்ணு,

நேற்று காலை நீ போனில், "அப்பா, உறைய அச்சுக்குக் குடுத்தர்றனுங்க, சரிங்களா?" என்று கேட்டாய். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா பேசணுங்கறா" என்று சொல்லி போனை உன் அம்மாவிடம் நீட்டிவிட்டேன். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் ஈரக் கையோடு வாங்கி, உன்னிடம் என்னவோ பேசிச் சமாளித்தாள். பேசி முடித்த பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங்க, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்றதுக்கு என்னுங்க? பெத்த பையந்தானுங்களே" என்றாள். ஆயுசு முழுக்கக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன், வகுப்பில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் பேசியிருக்கிறேன். ஒருவர் முகத்தைப் பார்த்து "இல்லை" என்று சொல்ல மட்டும் எனக்கு வந்ததில்லை. எழுதினால் வரும். அதனால்தான் எழுதுகிறேன். உறை திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது என்றாய். அதற்குள் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று இதைக் கூரியரில் அனுப்புகிறேன். சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி வரைக்கும் சுற்றிக்கொண்டே இருப்பேன். உன் இருமல் மிட்டாயின் உறையில் "வறட்டு இருமலுக்கு ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்ற வரிக்குக் கீழே என் பெயரையும் பட்டத்தையும் போட வேண்டாம். அந்த வரியே வேண்டாம்.

இதைப் படித்ததும் உனக்கு முகம் சிவக்கும் என்று தெரியும். அப்பாவுக்கு இந்தத் தொழில் பிடிக்கவில்லை, ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை என்று நினைப்பாய். அது அப்படி இல்லை. நீ பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஆனைமலையில் மாமனார் தோப்புக்கு வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் தென்னைக்கு நடுவே கோகோ மரத்தில், கிளையில் இல்லாமல் தண்டிலேயே காய்கள் ஒட்டிக்கொண்டு பழுத்திருப்பதை நீ எனக்குக் காட்டியபோது, கொட்டையைப் புளிக்க வைத்து, காய வைத்து, வறுத்து, அந்த வாசனையோடு ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்தபோது, எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அதை அப்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நல்லதைச் சொல்லவும் எனக்கு வாய் வருவதில்லை, அதனால் நீ என் மௌனத்தை உனக்குத் தோன்றியபடியெல்லாம் படித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அது உன் தப்பு இல்லை.

சம்பந்தி வீட்டில் விருந்து நடந்த அந்த மத்தியானத்தை நினைத்துப் பார். கூடம் நிறைய ஒறம்பரை, இரண்டு பக்கத்து உறவுக்காரர்களும். கோகோவில் உள்ள தியோப்ரோமின் வறட்டு இருமலை அடக்குகிறது என்று எங்கோ படித்துவிட்டு, நீ இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை அச்செடுத்து வைத்திருந்தாய். "அப்பா, இது உங்க சப்ஜெக்ட்டுதானுங்களே, சித்த எடுத்துச் சொல்லுங்க" என்றாய். எத்தனையோ வருஷம் கழித்து நீ என்னிடம் ஒன்றைக் கேட்கிறாய். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கோகோவின் கசப்புக்குப் பெரும்பாலும் இந்தப் பொருள்தான் காரணம், காப்பியில் உள்ள காஃபினுக்கு இது பங்காளி மாதிரி என்று ஆரம்பித்தேன். முதல் ஆய்வைச் சொன்னேன். நல்ல உடம்போடு இருக்கிற சிலரை மிளகாயின் காரச் சத்தை மூச்சில் இழுக்கச் சொல்லி இருமவைக்கிறார்கள், அடுப்பில் வரமிளகாய் வறுத்தால் வீடே இருமுமே, அது மாதிரி. தியோப்ரோமின் சாப்பிட்ட பிறகு அதே ஆட்களை இருமவைக்க முன்னைவிட அதிகக் காரம் தேவைப்பட்டது. இருமலை மூளைக்குச் சொல்லி அனுப்புகிற நரம்பை இந்தப் பொருள் அமைதிப்படுத்துகிறது என்பது அவர்களுடைய கருத்து. இதைச் சொல்லி முடிப்பதற்குள் உன் மாமனார் தொடையில் தட்டி, "பாருங்க! வெள்ளைக்காரனே சொல்லிப்போட்டான். நம்ம தோப்புல காய்ச்சுத் தொங்குது, நாம வெறுமனே இருமிக்கிட்டுக் கெடக்கறோம்!" என்றார். கூடமே சிரித்தது. நான் இரண்டாவது கட்டுரையில் விரலை வைத்துக்கொண்டு, "இன்னொண்ணும் இருக்குதுங்க…" என்றேன். "அது பொறவு பாத்துக்கலாங்க சம்பந்தி, பணியாரம் ஆறுதுங்க" என்றார். நான் கட்டுரையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பணியாரம் சாப்பிட்டேன். அந்தக் காகிதம் பையிலேயே இருந்து, அடுத்த துவையலில் கூழாகி வெளியே வந்தது.

நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பாதியை இப்போது சொல்கிறேன். இரண்டாவது ஆய்வில் நிஜமாகவே இருமலோடு இருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குத் தியோப்ரோமின், பாதிப் பேருக்கு ஒன்றும் இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. மருந்து சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் குறைந்தது. மருந்துக்காரர்களுக்குச் சற்று அதிகமாகக் குறைந்தாற்போல் இருந்தது, ஆனால் அந்தச் சின்ன வித்தியாசம் மருந்தால் வந்ததா தற்செயலா என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. இன்னொன்றும் உண்டு. அந்த ஆய்வுகளில் கொடுத்த அளவு உன் மிட்டாய் ஒன்றில் அடங்கவே அடங்காது. ஆக, தியோப்ரோமின் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆராய வேண்டிய பொருள், நம்பிக்கை தருகிற பொருள் என்று சொன்னால் நானே கையெழுத்துப் போடுவேன். "நிரூபிக்கப்பட்டது" என்ற சொல் வேறு. மிளகாய்க் காரத்தில் இருமுகிறவரின் தொண்டையில் கண்டதை, வாரக்கணக்கில் காரணம் தெரியாமல் இருமுகிறவரின் நெஞ்சுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது.

உன் அம்மாவின் இருமலைப் பற்றியும் நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். "எங்கம்மாவுக்கு எங்கப்பாவே டெஸ்ட் பண்ணிப் பாத்தாருங்க, நின்னு போச்சு" என்று. ஆனி மாதக் காற்றில் அவளுக்குச் சளி பிடித்து, சளி போன பிறகும் வறட்டு இருமல் விடாமல் இருந்தது, நான் சோதித்தது எல்லாம் உண்மைதான். ஒரே மாதிரி இரண்டு டப்பா எடுத்து, ஒன்றில் உன் மிட்டாயும் இன்னொன்றில் அதே நிறத்தில் கருப்பட்டியும் வைத்து, எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். எனக்குள் ஒரு விஞ்ஞானி என்ற நினைப்பு. இரண்டாம் நாளே அவள் டப்பாவைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு மருந்தா, ஏமாத்தா?" என்று கேட்டாள். எப்படித் தெரியும் என்றேன். "கசக்கறது மருந்து, இனிக்கறது ஏமாத்து. இதுக்குப் போயி காலேஜ்ல சம்பளம் குடுத்தாங்களாங்க உங்களுக்கு?" என்று சிரித்தாள், சிரிப்பிலேயே இருமினாள். இருமல் சில நாளில் தானாகவே போனது. சளிக்குப் பின்னால் வருகிற இருமல் பெரும்பாலும் அப்படித்தான் போகும். என் சோதனையால் ஒன்றும் தெரியவில்லை என்று உனக்கு எழுதி அனுப்பியிருக்க வேண்டும். நீ போன் செய்து, "அம்மாவுக்கு நின்னுருச்சுங்களா?" என்று மகிழ்ச்சியாகக் கேட்டாய். நின்றுதான் போயிருந்தது. "ஆமா கண்ணு" என்றேன்.

அதற்கப்புறம் மிட்டாயை விற்கத் தொடங்கலாமா என்று குலதெய்வம் கோயிலில் பூப்போட்டுப் பார்த்தோமே, அதை நான் பலமுறை நினைத்துப் பார்க்கிறேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாமல் மடித்து, குலுக்கி, சாமி காலடியில் வைத்து, ஒன்றும் அறியாத குழந்தையை எடுக்கச் சொல்கிறோம். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இப்போது வேண்டாம் என்று அர்த்தம். யோசித்துப் பார்த்தால் என் டப்பாச் சோதனையைவிட நேர்மையான ஏற்பாடு. என் பேத்தி எடுத்துக் கொடுத்த பொட்டலத்தைப் பூசாரி பிரித்தார். சிவப்பு. உன் மாமனார்தான் முதலில் வாய் திறந்தார். "கொளந்த தூக்கக் கலக்கத்துல எடுத்துப்போட்டா. மறுக்கா கேளுங்க பூசாரி." மறுக்கா கேட்டோம். வெள்ளை வந்தது. எல்லோருக்கும் முகம் மலர்ந்தது, எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாமியை நான் குறை சொல்லவில்லை கண்ணு. நாம் கேட்ட உடனே சாமி பதில் சொல்லியாயிற்று. நமக்கு வேண்டிய பதில் வரும்வரை கேட்டது நாம்.

நீ ஒறம்பரைக்கெல்லாம் மாதிரி மிட்டாய் கொடுத்து, இருமல் நின்றதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டாயே, அதுவும் இதே மாதிரிதான் நடந்தது. நின்றவர்களைக் குறித்தாய். நிற்காதவர்களைப் பற்றி நான் கேட்டபோது, "அவிய சரியாச் சாப்பிடலீங்கப்பா" என்றாய். அந்த நிமிஷம் எனக்குக் கோயிலில் கேட்ட உன் மாமனாரின் குரல் ஞாபகம் வந்தது. உன் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்துவிட்டு என்னால் சொல்ல முடியவில்லை. ஆசைப்படுகிறவன் தன் கண்ணையே நம்பக்கூடாது என்பதற்காகத்தான் இந்த இரண்டு பொட்டல முறையை வைத்திருக்கிறார்கள், கோயிலிலும் சரி, ஆராய்ச்சியிலும் சரி. நீ நிற்காதவர்களின் பெயரையும் எழுது. நின்றவர்களைவிட அவர்கள்தான் உனக்குக் கற்றுக்கொடுப்பார்கள். இதை ஒரு வாத்தியாராக உனக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

ஆவணியில் முதல் மாதிரிப் பொட்டலங்கள் வந்தன. நீ எங்கள் வீட்டுக்கு ஒரு பை நிறையக் கொண்டுவந்து மேசையில் கொட்டினாய். அட்டையில் "வேதியியல் பேராசிரியர் பரிந்துரைத்தது" என்று போட்டு, கீழே என் பெயர். என்னைக் கேட்காமல் போட்டிருந்தாய். கேட்கவேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் நான் எப்போதும் சரி என்பவன்தானே. நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒருமுறை படித்தேன். "எழுத்து நல்லா இருக்குது" என்றேன். அந்தப் பொட்டலங்களில் சில கோபியில் இருக்கிற என் தங்கை சரோஜா வீட்டுக்குப் போயின.

சரோஜா அத்தைக்குக் காசநோய் என்று தெரிந்ததும் நீயும் மருமகளும் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள். மிட்டாயைப் பற்றி அவள் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாள், நீ வருத்தப்படுவாய் என்று. போன வாரம் நான் காந்திபுரத்தில் பஸ் ஏறித் தனியாகப் போனேன். வாசலிலேயே என்னை நிறுத்தி, கதவோரம் நாற்காலி போட்டு, தான் உள்ளே ஜன்னல் பக்கம் மாஸ்க்கோடு உட்கார்ந்துகொண்டாள். "ஏனுங்கண்ணா, இத்தன தூரம் வரோணுமா? போன்ல கேட்டாப் பத்தாதுங்களா?" என்றாள். எலும்பாய் இளைத்திருந்தாள். எப்போதிருந்து இருமல் என்று கேட்டேன்.

"ஆடி நோம்பிக்கே இருந்துச்சுங்கண்ணா. வறட்டு இருமலுதான, போயிரும்னு உட்டுட்டேன்."

"அப்பவே டாக்டர்கிட்டக் காட்டியிருக்கலாமே சரோஜா?"

"காட்டோணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நம்ம பையன் மிட்டாயி கொண்டாந்து குடுத்தான். வாயில போட்டா சித்த நேரத்துக்கு அடங்குச்சுங்கண்ணா, பொய் சொல்லக்கூடாது. மருமவதான் போலாம் வாங்கன்னு பிடிவாதம் பண்ணுனா. நாந்தான், அட்டையப் பாரு, எங்கண்ணன் பேரு போட்டிருக்குது, அவரு ஒண்ணுக்கு நாலு தடவ பாக்காம எதையும் எழுத மாட்டாரு, அப்பிடின்னு சொல்லிப்போட்டேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்து, "என்னங்கண்ணா, எனக்கு வந்த சீக்கு உங்களுக்கு வந்தாப்பல மூஞ்சிய வெச்சிருக்கீங்க! மாத்திர சாப்புட்டா சரியாயிருமாம். டாக்டரே சொல்லிட்டாரு" என்று எனக்குத் தேறுதல் சொன்னாள். அப்போது உள்ளறையிலிருந்து அவள் பேரன் ஓடி வந்தான், மூன்று வயதுப் பையன். கையை நீட்டிக்கொண்டு அவள் மடிக்குப் போகப் பார்த்தான். அவள் இரண்டு கையாலும் வேண்டாம் வேண்டாம் என்று காட்டினாள். அவள் மருமகள் வந்து தூக்கிக்கொண்டு போனாள், அவன் கத்திக்கொண்டே போனான். ஆவணி, புரட்டாசி முழுக்க அந்தப் பையன் அவள் பக்கத்தில்தான் தூங்கியிருக்கிறான். இப்போது அவனுக்கு நோய் இல்லை, ஆனால் வராமலிருக்க அவனும் தினம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தாலும் துப்பிவிடுகிறான் என்றாள் மருமகள். குறையாக அவள் சொல்லவில்லை. வந்தவரிடம் வீட்டு நடப்பைச் சொல்வதுபோலச் சொன்னாள். காப்பி வைத்துக் கொடுத்தாள். நான் குடித்தேன். இந்த உறையைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நான் பரிந்துரைக்கவே இல்லை என்று சொன்னால் பழி உன்மேல் விழும். பரிந்துரைத்தேன் என்று சொன்னால் அது பொய். இரண்டுக்கும் நடுவில் காப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில், அவிநாசி தாண்டும்போது, எனக்கு ஒன்று தெளிவாயிற்று. இத்தனை நாள் நான் பயந்ததெல்லாம், மிட்டாய் வேலை செய்யாவிட்டால் என் பெயர் கெட்டுவிடுமே என்றுதான். வேலை செய்யாத மிட்டாயால் அத்தைக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது. இரண்டு நாள் சப்பிப் பார்த்துவிட்டு, தூக்கிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். அது கொஞ்சம் வேலை செய்தது. கோகோவோ, சர்க்கரையோ, வாயில் ஊறிய எச்சிலோ, என் பெயரோ, எதுவென்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒன்று இருமலைக் கொஞ்சம் அடக்கியது. இருமல் நோய் இல்லை கண்ணு, உள்ளே ஏதோ நடக்கிறது என்று உடம்பு சொல்வது. அது சாதாரணச் சளியின் மிச்சமாக இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடுகிற சில மாத்திரைகளால்கூட வறட்டு இருமல் வரும். அல்லது அத்தைக்கு வந்தது மாதிரி இருக்கலாம். காரணம் தெரியாமல் சத்தத்தை மட்டும் அடக்குகிற பொருளுக்கு ஆதாரம் எவ்வளவு பலமாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு அதைக் கையில் கொடுக்கும்போது நிதானம் வேண்டும். புத்தகம் புத்தகமாகப் படித்த எனக்கு இது என் தங்கை இளைத்துப்போன பிறகுதான் உறைத்தது.

உன்னைக் குற்றம் சொல்லி எழுதுவதாக நினைக்காதே. நீ ஆதாரத்தைத் தேடினாய், கட்டுரையை எடுத்து வந்தாய், அதைப் படிக்கத் தெரிந்தவனிடம் கேட்டாய். ஒரு பிள்ளை செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாய். கேட்கப்பட்டவன் பாதி சொல்லிவிட்டுப் பலகாரம் சாப்பிடப் போனான். சபையில் ஒருவர் பேச்சை மறுத்தால் மரியாதைக் குறைவு என்று நம் பக்கத்தில் வளர்ந்தோம். சம்பந்தி என்றால் கேட்கவே வேண்டாம். நானும் அதை மரியாதை என்றே நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அதில் மரியாதை கொஞ்சம், பயம் நிறைய. நீயும் என் பிள்ளைதான், நாலு பேர் முன்னால் உனக்கும் வாய் அடைக்கும். என்னிடமிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டாத குணம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஆகவே நீ செய்ய வேண்டியதாக நான் கேட்பது இது. மிட்டாயை விற்காதே என்று சொல்லவில்லை. நல்ல மிட்டாய், எனக்கே பிடித்திருக்கிறது, மிட்டாய் என்றே விற்கலாம். மருந்தென்று சொல்ல ஆசை இருந்தால், முறையாகச் சோதிக்கத் தெரிந்த மருத்துவர்களிடம் போ. எத்தனை வருஷம் ஆனாலும் சரி, உனக்காகப் படிப்பதற்கும் திருத்துவதற்கும் நான் இருக்கிறேன். அந்தச் சோதனையில் பாதிப் பேருக்குக் கொடுக்கிற வெறும் மிட்டாயையும் கசப்பாகச் செய்யச் சொல்ல வேண்டும், உன் அம்மா மாதிரி ஆட்கள் எங்கும் இருப்பார்கள். மீதியிருக்கிற பழைய பொட்டலங்களைக் கொடுத்த இடத்திலிருந்தெல்லாம் திரும்ப வாங்கிவிடு. வாங்கப் போகும்போது, அந்த வீட்டில் யாராவது இன்னும் இருமுகிறார்களா என்று கேள். கேட்டுவிட்டு, டாக்டரிடம் போகச் சொல். இதில் கூச்சப்படாதே.

உன் மாமனாருக்குக் கோபம் வரும். அவருக்கு நீ பதில் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அம்மாவும் ஆனைமலைக்கு வருகிறோம், நானே அவரிடம் சொல்கிறேன். சொல்லும்போது எனக்கு நாக்கு குழறலாம். "நான் பக்கத்துல நிக்கறனுங்க, நீங்க ஆரம்பிச்சாப் போதும்" என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள். ஆனைமலையிலிருந்து நாங்கள் திரும்பி வந்த பிறகு, நான் கோபிக்குப் போய்ச் சரோஜாவிடமும் அவள் மருமகளிடமும் நடந்ததைச் சொல்லப்போகிறேன். நீ கூட வந்தால் எனக்குப் பலமாக இருக்கும். வராவிட்டாலும் போவேன்.

உறையில் என் பெயர் வேண்டும் என்று நீ ஆசைப்பட்டதை நான் மறக்கவில்லை. அப்பா பெயர் தன் பொருளின்மேல் இருக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை நினைப்பது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அதனால் ஒரு வரி நானே எழுதித் தருகிறேன். எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல், கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி. "இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் இந்த மிட்டாயை நம்பி இருக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்." அந்த வரிக்குக் கீழே என் பெயரைப் போடு, பட்டத்தையும் போடு. கடையில் நிற்கிற யாரோ ஒருவர் அதைப் படித்துவிட்டு, பொட்டலத்தை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினால், உனக்கு ஒரு பொட்டலம் விற்காமல் போகும். போகட்டும் கண்ணு.

அப்பா